வெங்காயத்தின் மேல் போட்ட பழி

அந்த வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சமையலறையில் பால் கிடையாது, முட்டை கிடையாது, பருப்பு கிடையாது. வறுமை என்று நினைக்க வேண்டாம். கணவன், மனைவி இருவரும் சம்பாதித்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த மாமியாரைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆள்தான் வேண்டும் என்று கேட்டு என்னை அமர்த்தும் அளவுக்கு வசதி இருந்தது. ஆனால் எலும்பு கூடவேண்டிய நோயாளிக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சலாம் என்று போனால், அரிசியும் உருளைக்கிழங்கும் கேரட்டும்தான் உட்கார்ந்திருந்தன.

"பால் எங்கேம்மா?" என்று படுக்கையில் இருந்தவரிடம் கேட்டேன்.

"நாடு கடத்தியாச்சு, சிஸ்டர். பால் போய் ரொம்ப நாளாச்சு. அப்புறம் முட்டை. போன மாசம் பருப்பு. இப்ப வெங்காயத்து மேல சந்தேகம். விசாரணை நடக்குது."

"யாரு விசாரிக்கிறது?"

"என் மருமக வயிறு."

அந்த மருமகளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்குக் கட்டடம் கட்டும் இடத்தில் வேலை. கோபுரம் மாதிரி நிற்கிற கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் வாளிகளையும் தூக்கி, கீழே இருப்பவர்கள் கேட்கிற இடத்தில் இறக்கவேண்டும். காலையில் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். வேலை மும்முரமாக இருந்தால் அதுவும் இல்லை, சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வாள். வாக்கி-டாக்கியில் "மேல்வீடு, கேக்குதா?" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் பெயர் மேல்வீடு என்றாகிவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் அவள் தரையில்தான் இருந்தாள். கொக்கியில் சுமையைக் கட்டிவிடுகிற வேலை. அப்போது மேலே இருந்த ஓட்டுநர் எதையும் தொப்பென்று போடுகிறவர். ஒருநாள் இவள் காலுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கட்டு விழுந்தது. வாக்கி-டாக்கியைப் பிடுங்கி அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறாள். "பேசறது சுலபம். மேல வந்து ஓட்டிப் பாரு," என்றாராம் அவர். போனாள். பயிற்சிக்குப் பணம் கட்டி, தேர்வு எழுதி, அடுத்த கட்டடத்தில் அந்தக் கூண்டில் அவளே உட்கார்ந்தாள். சுவரளவு கண்ணாடிப் பலகையைக்கூட முட்டையைத் தட்டில் வைப்பதுபோல் வைப்பாள் என்று சிக்னல்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். கீழே நின்று அவளுக்கு வழி சொல்கிறவர் அவர். யாரையும் லேசில் புகழ்கிறவர் இல்லை.

இனி வயிற்று விஷயம். மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள் என் தொழிலுக்கு வரக்கூடாது, படிக்கக் கூச்சப்படுபவர்கள் இங்கேயே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

மேல்வீட்டுக்கு வயிறு திடீர் திடீரென்று மாறும். பல நாள் சாதுவாக இருக்கும். பிறகு ஊதும், பேன்ட் பித்தான் போடமுடியாது, கழிப்பறையில் உட்கார்ந்தாலும் வெறும் முக்கல்தான். அதற்கப்புறம் ஒரு காலையில் மடை திறந்துவிடும். சுருட்டிப் பிடிக்கும், ஓடவேண்டும், வந்து உட்கார்ந்தால் மறுபடி ஓடவேண்டும். இரைப்பை குடல் டாக்டர் ஒருவர் ரத்தம், மலம் எல்லாம் சோதித்து, உள்ளே குழாய் விட்டும் பார்த்துவிட்டு, புண் இல்லை, கட்டி இல்லை, இது எரிச்சல் குடல் என்று சொல்லியிருந்தார். குடல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், நடந்துகொள்வதுதான் மோசமாக இருக்கும்.

"குடலுக்கே எரிச்சலா? அப்ப அது எங்க பரம்பரை இல்ல. எங்களுக்கெல்லாம் வாயில மட்டும்தான்," என்றார் மாமியார்.

தரையில் வேலை செய்கிறவள் என்றால் ஓடிப்போய் வந்துவிடலாம். உச்சியில் இருப்பவள் என்ன செய்வாள்? முதலில் கொக்கியில் தொங்குவதைப் பத்திரமாக இறக்கவேண்டும். கிரேனை நிறுத்தவேண்டும். பிறகு ஏணி, அதற்குக் கீழே இன்னொரு ஏணி, அதற்கும் கீழே இன்னொன்று. அவள் இறங்கி ஏறும்வரை கீழே கான்கிரீட்காரர்கள், கம்பிக்காரர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவள் கழிப்பறைக்குப் போவது இரகசியமே இல்லை, மொத்த சைட்டும் அண்ணாந்து பார்க்கும். "மேல்வீடு தரிசனம் குடுக்க வருதுப்பா!" என்று சிக்னல்காரர் அறிவிப்பார். அவர் கேலி அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் ஒருநாள் சுமை பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தபோது வயிறு பிடித்தது. வியர்த்துக் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கிவைத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், ஸ்டோரில் வேலை கொடுங்கள் என்று கேட்டுவிட்டாள்.

அவர் திகைத்துப்போனார். பக்கத்து மனையில் இதைவிட உயரமான கட்டடம் வரப்போகிறது. அதற்குப் புதுக் கிரேன் நிறுத்தியாகிவிட்டது. அதில் உட்காரப்போவது இவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். "புதுக் கிரேனுக்கு ஆய்வு வருது. அதிகாரிங்க முன்னாடி சுமை தூக்கிக் காட்டணும். அத மட்டும் முடிச்சுக் குடும்மா. அதுக்கப்புறமும் ஸ்டோர்தான் வேணும்னா தரேன்," என்றார். காரணம் கேட்டார். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னாள். அன்று மாலை வீட்டில் அதைச் சொல்லும்போது அவள் முகம் சாவு வீட்டில் இருந்து வந்தவள்போல் இருந்தது. அந்தக் கூண்டை விட்டு இறங்க அவளுக்கு மனசே இல்லை.

எல்லாவற்றுக்கும் சாப்பாடுதான் காரணம் என்று அவள் உறுதியாக நம்பினாள். அவளுடைய விசாரணை முறை இதுதான்: வயிறு மோசமான அன்று, முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பாள். பால் என்றால் பால் குற்றவாளி. அன்றிலிருந்து வீட்டில் பால் கிடையாது. வயிறு அடங்கும். "பாத்தீங்களா!" என்பாள். சில வாரம் சுகமாக இருப்பாள். மறுபடி மோசமாகும். இப்போது முட்டை. முட்டையை நிறுத்தியதும் வயிறு அடங்கும். "பாத்தீங்களா!" இப்படிச் சிறைக்குள் போன எதுவும் வெளியே வந்ததில்லை.

"ஜாமீன்கூட கிடையாதாம்மா?" என்று மாமியார் கேட்பார்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு அத்தை. நான் அந்தரத்துல உட்கார்ந்திருக்கேன்."

"நான் படுக்கையில உட்கார்ந்திருக்கேன். வெங்காயம் இல்லாத குழம்ப முழுங்கிட்டு."

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவன், சண்டைக்குப் போகாத பிள்ளை. மதியம் வெளியில் வெங்காயமாகத் தின்றுவிட்டு, வாசலுக்கு வருமுன் ஏலக்காய் மென்றுகொண்டு வருவான். கள்ளத்தனமாகக் குடித்துவிட்டு வரும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன். வெங்காயம் தின்றுவிட்டுப் பம்மிக்கொண்டு வந்தவன் இவன் ஒருவன்தான்.

என் நோயாளிக்கு மட்டும் பாலும் முட்டையும் தனியாக வாங்கிவைக்க முதல் வாரமே சண்டை போட்டு ஏற்பாடு செய்துவிட்டேன். மருமகளிடமும் சொன்னேன். "இப்படி ஒவ்வொண்ணா விட்டுட்டே போனா எலும்புல ஒண்ணும் மிஞ்சாது. டாக்டரைக் கேட்டுட்டு எதையும் நிறுத்து." தலையாட்டினாள். கேட்கவில்லை.

ஆய்வு நாள் நெருங்கியபோது இன்னொரு கவலை சேர்ந்தது. அவளுக்கு மாதவிலக்கு முன்பின்னாகத்தான் வரும், ஆனால் இந்தமுறை சரியாக அந்த நேரத்தில் வந்து நிற்கும்போல் இருந்தது.

"சிஸ்டர், தள்ளிப்போட மாத்திரை இருக்காமே? வயித்த என்னால நிறுத்தி வைக்க முடியாது. இதையாவது நிறுத்தி வைக்கலாமே. ஒரு தொல்லை குறையும்."

"இருக்கு. கடையில கேட்டு வாங்கி முழுங்காதே. பெண்கள் டாக்டர்கிட்ட போ. ரத்தம் உறையற கோளாறு, கல்லீரல் கோளாறு ஏதாச்சும் இருந்தா அந்த மாத்திரை ஆகாது."

போனாள். டாக்டரம்மா விசாரித்துவிட்டு எழுதிக்கொடுத்தார். ஆய்வு முடியும்வரை சாப்பிடு, நிறுத்தியதும் சில நாளில் வந்துவிடும் என்றார்.

அதே வாரத்தில்தான் வீட்டில் சதி நடந்தது. எனக்கும் தெரியாமல்தான். மாமியார் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். நடக்கத் தொடங்கியவர் நேரே சமையலறைக்குத்தான் போனார். மகனை வெங்காயம் வாங்கிவரச் சொல்லி, விழுதாக அரைக்கச் சொல்லி, "என் கிண்ணத்துல மட்டும் போடுடா," என்றிருக்கிறார். அவன் மொத்தப் பாத்திரத்திலும் கொட்டிவிட்டான். மறதியா, ஆசையா என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. குழம்பு ருசியாக இருந்தது. மேல்வீடு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ருசித்துச் சாப்பிடுகிறவளிடம் உண்மையைச் சொல்ல இருவருக்கும் தைரியம் வரவில்லை. மறுநாளும் அதே குழம்பு. அதற்கு மறுநாளும்.

ஆய்வு நாள் காலையில் அவள் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கணவனின் மனசாட்சி விழித்துக்கொண்டது. விழிப்பதற்கு வேறு நேரமே கிடைக்கவில்லை அதற்கு.

"ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"குழம்புல... வெங்காயம்."

அவள் ஒரு பூட்ஸ் காலும் ஒரு வெறுங்காலுமாக எழுந்து நின்றாள். "எப்பலேருந்து?"

"இந்த வாரம் பூரா."

"இந்த வாரம் பூராவா! இன்னைக்கு நான் அந்தக் கூண்டுல உட்கார்ந்தா மதியம்வரைக்கும் இறங்க முடியாது. தெரியும்ல? கீழ அத்தனை அதிகாரிங்க. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து என்னைக் கவுத்துட்டீங்களே!"

"நான்தாம்மா சொன்னேன். அவனைத் திட்டாதே," என்றார் மாமியார் உள்ளேயிருந்து. "பாதித் திட்டு எனக்கும் வை."

திட்ட நேரமில்லை. கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

மாமியாரின் அறை ஜன்னலில் இருந்து புதுக் கிரேனின் கை தெரியும். அன்று அவரை உடற்பயிற்சி செய்யச் சொன்னால் ஜன்னலோரம்தான் செய்வேன் என்றார். கிரேனின் கை சுற்றியது, நின்றது, சுமை ஏறியது, இறங்கியது. ஒவ்வொருமுறை நின்றபோதும் இவர் வாக்கரை இறுக்கிப் பிடித்தார். "இறங்கறாளா பாருங்க சிஸ்டர்." "இல்லம்மா. காலைத் தூக்குங்க." மதியம்வரை யாரும் இறங்கவில்லை.

மாலையில் அவள் வந்தாள். எதையோ தொலைத்துவிட்டவள்போல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அத்தை. ஆய்வு முடிஞ்சுது. அதிகாரி கைகுலுக்கினார். வயிறு... ஒண்ணுமே ஆகல. பசிக்குது."

அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. வெங்காயத்தின் தண்டனை தாமதமாக வரும் என்று காத்திருந்தாள். மாத்திரையை நிறுத்தினாள். மறுநாளும் வயிறு சாது. அதற்கடுத்து ஒரு விடுமுறை நாளில், காலையில் மடை திறந்தது. மதியத்துக்குள் மாதவிலக்கும் வந்துவிட்டது.

வெந்நீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு கூடத்தில் சுருண்டு படுத்திருந்தாள். அது மாமியாரின் இடுப்புக்காக வாங்கிய பை. அவர் திருப்பிக் கேட்காமல் விட்டுக்கொடுத்ததே பெரிய விஷயம்.

"வெங்காயமா?" என்று கணவன் கதவோரம் நின்றே கேட்டான்.

அவள் விரல்விட்டு நாட்களை எண்ணினாள். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"இல்ல," என்றாள். "நேத்து குழம்பே இல்ல. கஞ்சிதான். வெங்காயம் தின்ன வாரம் பூரா நல்லா இருந்தேன். கஞ்சி குடிச்சதுக்கா இது?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், மாத்திரை சாப்பிட்டவரைக்கும் ரெண்டுமே வரல. நிறுத்தினதும் ரெண்டுமே வந்துடுச்சு."

அவளே தொடர்ந்தாள். "எப்பவுமே இப்படித்தானா? முதல்ல வயிறு ஊதும். அப்புறம் ஓட்டம். அது பாதி அடங்கினப்புறம்தான் மத்தது வரும். அதனால அது வேற கணக்கு, இது வேற கணக்குன்னு வெச்சிருந்தேன். நாள் தவறித் தவறி வர்றதால இன்னும் தெரியல."

மாமியார் வாக்கரைத் தட்டினார். "எனக்கும் அந்த நாள்ல ஓட்டம்தான். வயசான பிறகு தானா நின்னுடுச்சு."

"ஏன் அத்தை இத்தனை நாள் சொல்லல?"

"நீ கேட்டியா? நீ பாலையும் முட்டையையும்தானே விசாரிச்சே. என்னை எங்க சாட்சிக் கூண்டுல ஏத்தின?"

அன்று அந்த வீட்டில் சிரித்த சிரிப்பில் வெந்நீர்ப் பை நழுவிக் கீழே விழுந்தது.

குடல் டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். அவர் கவனமாகக் கேட்டார். மலத்தில் ரத்தம் உண்டா, எடை குறைகிறதா, தூக்கத்தை விட்டு எழுப்புகிற வலியா, விலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது தாங்கமுடியாத வலி வருமா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்வி முக்கியம், கருப்பையின் உட்சவ்வு வெளியே வளர்கிற நோயும் இப்படி வேஷம் போடும், அதையும் பெண்கள் டாக்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்றார்.

பிறகு விளக்கினார். மாதவிலக்கு நெருங்கும்போது ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகின்றன. கருப்பையைச் சுருங்கவைக்க உடம்பு சுரக்கிற பொருள் பக்கத்தில் இருக்கிற குடலையும் சுருக்கிவிடும். அதற்கு முந்தின நாட்களில் குடல் மந்தமாகி ஊதுவதும் பலருக்கு உண்டு. எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் வயிறு மாறும். எரிச்சல் குடல்காரர்களுக்கு அதே மாற்றம் பலமடங்காக உறைக்கும்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றார்.

"நீங்க குடல் டாக்டர். அது அடுத்த அறை டாக்டரோட விஷயம்னு நெனச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். "நானும் கேக்கலையே. நமக்குத்தான் அறை வேற வேற. உள்ள ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு."

"அப்ப வெங்காயம்?"

"சில பேருக்கு அது நிஜமாவே வாயு உண்டாக்கும். அந்த நாட்கள்ல மட்டும் குறைச்சுக்குங்க. மத்த நாள்ல சாப்பிடுங்க. பால், முட்டை, பருப்பு எல்லாம் ஒண்ணொண்ணா திரும்பி வரட்டும்." சுருட்டிப் பிடிப்பதற்கு ஒரு மாத்திரை எழுதி, அறிகுறி தொடங்கும்போதே போட்டுக்கொள்ளச் சொன்னார். தள்ளிப்போடும் மாத்திரையை மாதாமாதம் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது, நிரந்தரமாக ஏதாவது வேண்டுமென்றால் பெண்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம் என்றார்.

வெளியே வந்ததும் அவள் மருத்துவமனைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை, கைபேசியை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"சார், ஸ்டோர் வேணாம். உயரம் எனக்கு ஒத்துக்கும். உங்ககிட்ட பொய் சொன்னேன். எனக்கு மாசத்துல சில நாள் வயித்துப்போக்கு இருக்கும். மாதவிலக்கோட சேர்ந்து வர்றது. இப்ப வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். எனக்கு ரெண்டு விஷயம் வேணும்."

பாவம், அந்த மனிதர் கான்கிரீட்டைத் தவிர வேறெதையும் தொலைபேசியில் பேசியிருக்க மாட்டார்.

"சொல்லும்மா," என்றார் கடைசியில்.

அவள் கேட்டவை எனக்குப் பிடித்திருந்தன. ஒன்று, அந்த நாட்களில் பழைய கட்டடத்தின் சிறிய கிரேனை ஓட்டுபவரோடு இடம் மாற்றிக்கொள்ள அனுமதி, அதில் இறங்கவேண்டிய ஏணி குறைவு. இரண்டு, கட்டடம் உயர உயர, புதுக் கிரேனின் தூணை இடையிடையே கட்டடத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். அந்தத் தளத்தில் தூணில் இருந்து கட்டடத்துக்குப் போக ஒரு நடைபாலம் போடுவார்கள். அந்த இடத்தில் ஒரு தற்காலிகக் கழிப்பறை வைக்கவேண்டும். ஒரு சின்ன ஏணி இறங்கினால் போதும், தரைவரைக்கும் வரவேண்டாம்.

"மேல வேலை செய்யற கம்பிக்காரங்களுக்கும் அது வசதிதானே," என்று சூப்பர்வைசரே சொன்னார். "அவனுங்க இப்ப எங்க போறானுங்கன்னு நான் விசாரிக்கறதே இல்ல."

அதற்குப் பிறகும் அவளுக்கு வயிறு பிடிக்கத்தான் செய்கிறது. நோய் போய்விட்டது என்று பொய் எழுதமாட்டேன். ஆனால் ஊதத் தொடங்கினால் என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். மாத்திரையைப் பையில் போடுகிறாள், இடம் மாற்றிக்கொள்ளச் சொல்கிறாள், வெந்நீர்ப் பையைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறாள். சந்தேகத்தோடு சாப்பிடுவதை விட்டதில் பாதி வலியே போய்விட்டது என்கிறாள். வீட்டில் பால் வந்தது. முட்டை வந்தது. கணவன் ஏலக்காய் வாங்குவதை நிறுத்தினான்.

நான் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டிய நேரமும் வந்தது. மாமியார் கைத்தடியோடு நடந்தார், என் வேலை முடிந்தது. கடைசி நாள் காலையில் அவரை ஜன்னலோரம் நடக்கவைத்துக்கொண்டிருந்தபோது, கட்டடத்தின் பக்கத்தில் நீல நிறத்தில் ஏதோ ஒன்று கொக்கியில் தொங்கியபடி மெல்ல ஏறியது.

"அது என்ன சிஸ்டர், பீரோ மாதிரி?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "கழிப்பறைம்மா."

"அவளோடதா?"

"அவளோடதுதான். அவளே தூக்கறா."

நீலப் பெட்டி ஆடாமல் அசையாமல் மேலே போனது, ஒரு தளத்துக்கு நேராக நின்றது, பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போய் உட்கார்ந்தது. சத்தம்கூடக் கேட்டிருக்காது. அன்று மாலை அவள் வந்து சொன்னாள்: கொக்கியைக் கழற்றியதும் சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில் மொத்த சைட்டுக்கும் கேட்கும்படி, "மேல்வீட்டுக்குக் கொல்லைப்புறமும் கட்டியாச்சு, இனி கீழ தரிசனம் கிடையாது," என்றாராம்.

"நீ என்ன சொன்ன?" என்றார் மாமியார்.

"அடுத்த சுமையக் கட்டுங்கண்ணே, நேரமாகுதுன்னேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கை கழுவிக்கொண்டு, வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.